விளிம்பில் ஒரு பெயர்

எனது மேசை லாச்சியில், சிவப்பு மைப் போத்தலுக்கும் பழைய சோக்குப் பெட்டிக்கும் இடையில், ஒரு வெள்ளிப் பதக்கம் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் விக்டோரியா மகாராணியின் தலை. மறு பக்கத்தில் பீடத்தின் மேல் படுத்திருக்கும் ஸ்பிங்ஸ். அதற்கு மேலே 'எகிப்து' என்ற ஆங்கிலச் சொல், கீழே 1882. பதக்கத்தைத் தூக்கி நிற்கும் வெள்ளிப் பட்டியில் 'தெல் எல் கபீர்' என்று பொறித்திருக்கிறது. நாடா எப்போதோ இற்றுப்போய்விட்டது. நீலக்கோடு மூன்றும் வெள்ளைக்கோடு இரண்டும் கொண்ட நாடாவில் இது ஒரு காலத்தில் தொங்கியது என்பதை நான் புத்தகத்தில் படித்துத்தான் அறிந்தேன்.

இது என் கைக்கு வந்தது 2011இல். உலகச் சந்தையில் வெள்ளி விலை தலைகால் தெரியாமல் ஏறிய காலம் அது. வீடுகளில் கிடந்த பழைய வெற்றிலைத் தட்டம், கிண்ணம், கொலுசு எல்லாம் உருக்குவதற்காகக் கொழும்புக்குப் போயின. என்னிடம் சாதாரண தரம் வரை படித்த ஒரு பையன் செட்டியார் தெருவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். உருக்க வந்த ஒரு பொதிக்குள் இதைக் கண்டு, "சேர், இதில ஏதோ இங்கிலீசில எழுதியிரிக்கி, சரித்திரச் சாமான் போல. உங்களுக்கு வேணுமா?" என்று தொலைபேசியில் கேட்டான். வெள்ளி நிறைக்கு உரிய காசைக் கொடுத்து எடுத்து வைக்கச் சொன்னேன். அந்த மாதம் வீட்டில் இதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்தால் சாய்வெழுத்தில் ஒரு வரி தெரியும். ஓர் இலக்கம், சாதாரணச் சிப்பாய் என்பதைக் குறிக்கும் சுருக்கம், ஒரு பெயர், ஸ்கொட்லாந்து மலைநாட்டுப் படைப்பிரிவு ஒன்றின் பெயர். ஆளின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துக்கள் தேய்ந்திருந்தன. அப்பெயரை நான் இங்கு எழுதவில்லை. அவருடைய வழித்தோன்றல்கள் எங்கேனும் இருக்கக்கூடும். அவர்களைக் கேளாமல் அவர்களுடைய மூத்தவரைச் சபைக்கு இழுப்பது முறையல்ல.

இதை முதலில் பார்த்தவர் எங்கள் ஊரில் எல்லோரும் 'பெரிய சேர்' என்று அழைக்கும் ஓய்வுபெற்ற அதிபர். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், நல்ல வாசிப்பாளர், எனக்கு ஆசானைப் போன்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பட்டியில் இருந்த எழுத்தை வாசித்த மாத்திரத்தில் அவருடைய முகம் மாறிவிட்டது. "தெல் எல் கபீரா? ஒராபி பாஷாட படையக் குத்திக் கொன்றவன்ட மெடலயா தம்பி நீங்க காசி குடுத்து வாங்கின? இத உருக்கி மகளுக்கு ஒரு கொலுசு செஞ்சி போடுங்க" என்றார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் என் கை அதை உருக்கக் கொடுக்கவும் இசையவில்லை. ஏன் என்று எனக்கே விளங்காத காரணத்தால், கிடைத்ததை எல்லாம் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

சாதாரணச் சிப்பாய்களுக்குப் பிரித்தானியா கொடுத்த படையெடுப்புப் பதக்கங்களைச் சேகரிப்போர் என்று ஒரு பெருங்கூட்டம் அந்நாட்டில் உண்டு. அவர்களுக்கென 1942இல், அதாவது குண்டு விழுந்துகொண்டிருந்த யுத்த காலத்திலேயே, ஓர் ஆய்வுச் சங்கம் தொடங்கப்பட்டது. 1947இல் மேஜர் கோர்டன் என்பவர் எழுதிய பிரித்தானியப் போர்களும் பதக்கங்களும் பற்றிய நூல் அவர்களுக்குக் கைநூல் போன்றது. நான் சேகரிப்பாளன் அல்லன். ஒரேயொரு மாடு வைத்திருப்பவனைப் பட்டிக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் அவர்களுடைய நூல்களைப் புரட்டியபோது ஒரு விடயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவர்கள் பதக்கத்தின் முகத்தை அதிகம் பார்ப்பதில்லை, விளிம்பைத்தான் பார்க்கிறார்கள்.

விளிம்பில் பெயர் வந்த கதை சுவையானது. போர் முடிந்தால் தளபதிக்குப் பொன், பட்டம், நிலம். சிப்பாய்க்குச் சம்பளம், அதுவும் சில வேளை கிடைக்காது. இதுதான் நெடுங்கால வழமை. 1650இல் டன்பார் யுத்தத்துக்குப் பின் குரோம்வெல் காலத்துப் பாராளுமன்றம் அதிகாரிகளோடு சிப்பாய்களுக்கும் பதக்கம் கொடுத்தது ஒரு விதிவிலக்கு. அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அரசு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. 1815 ஜூன் 18இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான். மறு ஆண்டு, அங்கு நின்ற ஒவ்வொருவனுக்கும், தளபதி முதல் தம்பட்டம் அடித்த பையன் வரை, ஒரே அளவான ஒரே வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது. சுமார் 39,000 பதக்கங்கள். அரச நாணயச்சாலையில் விளிம்பில் எழுத்துப் பொறிப்பதற்கென்றே ஒரு பொறி அமைத்து, ஒவ்வொன்றிலும் பெறுபவனின் பெயரையும் படைப்பிரிவையும் அழுத்திப் பதித்தார்கள். இறந்தவனின் பதக்கம் அவனுடைய குடும்பத்துக்குப் போனது. எழுத வாசிக்கத் தெரியாமல், சம்பள இடாப்பில் கைநாட்டுப் போட்டவர்கள் அந்தப் படையில் ஏராளம். தன் பெயரை வெள்ளியில் கண்ட அந்த மனிதன் அதை வாசிக்க இன்னொருவனிடம் நீட்டியிருப்பான் என்று நினைக்கும்போது, முதலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த எனக்கு ஏதோ செய்கிறது.

வாட்டர்லூக்காரருக்குக் கிடைத்ததும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் ஆறு ஆண்டுகள் பட்டினியோடு நடந்து நடந்து சண்டை பிடித்தவர்களுக்கு எதுவும் இல்லை. அவர்களுடைய மனக்குறை 1847இல்தான் தீர்ந்தது. 1793 தொடக்கம் 1814 வரையான சண்டைகளுக்காக ஒரு பொதுப் பதக்கம், சண்டைக்கு ஒரு பட்டியாக மொத்தம் 29 பட்டிகள். ஆனால் உயிரோடு இருப்பவன் தானே விண்ணப்பிக்க வேண்டும். சுமார் 26,000 பேரே பெற்றார்கள். அந்த யுத்தங்கள் நடந்தபோது பிறந்தேயிராத விக்டோரியாவின் தலை அந்தப் பதக்கத்தில் இருக்கிறது. ஒரே மனிதன் பெற்ற ஆகக் கூடிய பட்டிகள் பதினைந்து. அப்படிப் பெற்றவர்கள் இருவர் மாத்திரமே. பதினைந்து சண்டைகளில் சாகாமல், பின்னர் முப்பது வருட வறுமையிலும் சாகாமல் இருந்து விண்ணப்பித்தவர்கள் அவர்கள்.

சேகரிப்பாளரின் கணக்கு வேறு விதமானது. ஒரே வார்ப்பு, ஒரே நிறை, ஒரே வெள்ளி. ஆனால் விளிம்பில் உள்ள பெயரைப் பொறுத்து ஒன்றின் விலை மற்றதைப்போல் பல மடங்காகும். 1854 ஒக்டோபர் 25இல் பலக்லாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிக் குதிரையோட்டிய சுமார் 670 பேரில் ஒருவனுடைய பதக்கம் என்றால் ஏலத்தில் போட்டி நடக்கும். அதே பலக்லாவாப் பட்டியோடு, அதே நாளில், வேறோரிடத்தில் நின்றவனுடைய பதக்கத்துக்கு அந்த மவுசு இல்லை. விலை என்று வந்தால் களவும் வரும். சாதாரண ஒருவனின் பெயரை அராவி அழித்துவிட்டுப் புகழ்பெற்ற பிரிவு ஒன்றில் நின்றவனின் பெயரை வெட்டுவார்கள். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. அராவிய இடத்தில் பதக்கத்தின் விட்டம் இம்மியளவு குறையும். இடுக்கியால் அளந்தால் அகப்பட்டுவிடும். பாடசாலை விஞ்ஞான அறையிலிருந்து வேணியர் இடுக்கிமானியை இரவல் வாங்கி நானும் என் பதக்கத்தை எட்டு இடத்தில் அளந்தேன். ஒரே அளவு. விஞ்ஞான ஆசிரியை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அந்தக் கிரிமியா யுத்தத்தைப் பற்றி நம்மவர்கள் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. துருக்கியும் பிரித்தானியாவும் ஒரே அணியில் நின்ற யுத்தம் அது. சுல்தான் அப்துல் மஜீத் நேச நாட்டுச் சிப்பாய்களுக்கும் பதக்கம் அனுப்பினார். அதில் சுல்தானின் துக்ரா முத்திரையும் ஹிஜ்ரி 1271 என்ற ஆண்டும் உள்ளன. பிரித்தானியருக்கென்று செய்தவற்றை ஏற்றி வந்த கப்பல் மூழ்கிப்போனதால், இத்தாலியச் சார்டீனியருக்குச் செய்தவை பல ஆங்கிலேயச் சிப்பாய்களுக்குக் கொடுபட்டன. லங்காஷயர் நெசவாளியின் மகன் ஒருவன் தன் நெஞ்சில் கலீபாவின் கையொப்பத்தைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பியிருக்கிறான். அது என்ன எழுத்து என்று அவனுடைய ஊரில் எவருக்கும் தெரிந்திராது.

இனி என் பதக்கத்துக்கு வருகிறேன். அதிலுள்ள மகாராணியின் கன்னத்திலும் கழுத்திலும் சிறு சிறு குழிகள் இருக்கின்றன, அம்மைத் தழும்பு போல. யாரோ சிறு பிள்ளை ஆணியால் குத்தி விளையாடியிருக்கிறது என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகுதான் விடயம் விளங்கியது. எகிப்தின் கெதீவ் தவ்பீக், தன் அரியணையைக் காப்பாற்றித் தந்த பிரித்தானியப் படைக்குத் தன் பங்குக்கு ஒரு வெண்கல நட்சத்திரம் வழங்கினான். ஐந்து முனை, நடுவில் ஸ்பிங்ஸும் பின்னால் பிரமிட்டுகளும், 'எகிப்தின் கெதீவ், 1299' என்று அறபில். மேலே பிறையும் நட்சத்திரமும். சிப்பாய்கள் இரண்டையும் அருகருகே குத்திக்கொண்டு அணிவகுத்தார்கள். நடக்க நடக்க அந்த வெண்கல முனைகள் பக்கத்திலிருந்த மென்மையான வெள்ளியில் போய் இடித்தன. எகிப்துப் பதக்கங்கள் பெரும்பாலானவற்றில் இந்தத் தழும்பு உண்டாம். சேகரிப்பாளர்கள் இதைக் குறையாக எழுதி விலை குறைப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பதக்கத்தில் வாசிக்க வேண்டிய முதல் வரியே அதுதான். தன் மக்களுக்கு எதிராக அந்நியனை அழைத்த ஓர் ஆட்சியாளன் கொடுத்த நன்றிக்கடன், அழைக்கப்பட்டு வந்தவர்களின் இராணியையே சுரண்டிக்கொண்டிருந்தது. அந்த நட்சத்திரத்தில் யாருடைய பெயரும் பொறிக்கப்படவில்லை. என் சிப்பாயுடைய நட்சத்திரம் எங்கே போனதோ. வெண்கலம்தானே, உருக்கவும் காசு வராது.

தெல் எல் கபீரில் நடந்ததை நம் வாசகர்களுக்கு நீட்டி எழுதத் தேவையில்லை. 'எகிப்து எகிப்தியருக்கே' என்ற குரலோடு எழுந்த அஹ்மத் ஒராபி, நைல் கழிமுகத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1882 ஜூலை 11இல் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டு வீசி எரித்தது. செப்டெம்பர் 12 இரவு வுல்ஸ்லியின் படை விளக்கில்லாமல், பேச்சில்லாமல், நட்சத்திரங்களைக் குறி வைத்துப் பாலைவனத்தில் நடந்தது. மலைநாட்டுப் படையணிக்கு வழிகாட்டியவன் ஒரு கடற்படை லெப்டினன்ட். விடியற்காலைச் சண்டையில் அவன் மரண காயமுற்றான். சண்டை ஒரு மணித்தியாலம் கூட நீடிக்கவில்லை என்பார்கள். பிரித்தானியத் தரப்பில் கொல்லப்பட்டோர் 57 பேர். இறந்த எகிப்தியர் தொகையை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இரண்டாயிரம் என்பது அடிக்கடி காணும் கணக்கு.

57 என்று திட்டமாகச் சொல்ல முடிகிறது. மற்றதற்கு 'சுமார்' போட வேண்டியிருக்கிறது. ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இது உறைக்கும். இடாப்பு இருக்கும் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் யாரும் 'சுமார்' சொல்வதில்லை.

அதற்குப் பிந்தியது நமது சரித்திரம். டிசம்பரில் ஒராபிக்கு மரண தண்டனை விதித்து, அதை நாடு கடத்தலாக மாற்றினார்கள். 1883 ஜனவரியில் எழுவர் குடும்பங்களோடு கொழும்பில் வந்திறங்கினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். எழுவரில் ஒருவரான மஹ்மூத் சாமி அல்பாரூதி எகிப்தின் பிரதமராக இருந்தவர். நவீன அறபுக் கவிதையின் முன்னோடிகளில் ஒருவர். இந்தத் தீவில் இருந்துகொண்டு தாய்நாட்டை நினைத்துப் பாடினார். பார்வை மங்கித்தான் திரும்பினார். மூவர் இந்த மண்ணிலேயே மௌத்தானார்கள். 1892இல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கப்பட்டபோது ஒராபி அங்கே இருந்தார். 1901இல்தான் அவருக்கு ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. நான் கலாசாலையில் படித்த காலத்தில் இவற்றையெல்லாம் ஒப்படைக்காக எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். அப்போது மறுபக்கத்துச் சிப்பாய்க்கு ஒரு பெயர் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

பெரிய சேரின் வாதத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வுல்ஸ்லியின் படையில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பிரிவும் இருந்தது. வங்காளக் குதிரைப்படை, பஞ்சாப் காலாட்படை, பலூச் படை. அவற்றில் கலிமாச் சொன்னவர்கள் பலர். அவர்களுக்கும் இதே ஸ்பிங்ஸ் பதக்கம் கிடைத்தது. உருக்குவதானால் அவற்றையும் உருக்க வேண்டும்.

இலங்கையைப் பிடித்ததற்கே ஒரு பதக்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1795-96இல் ஒல்லாந்தரிடமிருந்து நமது கரையோரத்தைக் கைப்பற்றிய படையில் வங்காளப் பீரங்கிப் பிரிவின் சுதேசிகளும் இருந்தனர். கிழக்கிந்தியக் கம்பனி அவர்களுக்கு வழங்கிய வெள்ளிப் பதக்கத்தில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பாரசீக எழுத்து. ஆனால் விளிம்பில் பெயர் இல்லை. அடுத்தது 1818: ஊவா வெல்லச எழுச்சியை அடக்கியோரில் ஐம்பது பேருக்கும் குறைவானவர்களுக்கே இலங்கை அரசு பதக்கம் கொடுத்தது. எதிர்த்தவர்களின் பெயர்களும் எழுதப்பட்டனதாம், வேறொரு பட்டியலில். 1818 ஜனவரியில் துரோகிகள் என்று வர்த்தமானியில் இடப்பட்ட பத்தொன்பது பேரின் பெயர்களை அப்பட்டியலிலிருந்து நீக்க 2016 டிசம்பர் வரை ஆயிற்று.

வெள்ளியிலும் ஒரு படிமுறை இருந்தது. 1885 தொடக்கம் 1887 வரையான பர்மாப் படையெடுப்பில் சிப்பாய்க்கு வெள்ளி. அவனுக்குத் தண்ணீர் சுமந்தவனுக்கும் கோவேறு கழுதை ஓட்டியவனுக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில். முதலாம் உலக யுத்தத்திலும் அவ்வாறே. பிரித்தானிய யுத்தப் பதக்கம் ஏறத்தாழ 65 இலட்சம் வெள்ளியில். சீன, மால்ட்டா, இந்தியத் தொழிலாளர் அணிகளுக்கு ஓர் இலட்சத்துச் சொச்சம் வெண்கலத்தில். குண்டு எல்லோர் மேலும்தான் விழுந்தது.

அந்த 65 இலட்சத்துக்கு நேர்ந்த கதி சோகமானது. ஒவ்வொன்றிலும் சுமார் ஓர் அவுன்ஸ் வெள்ளி. 1979-80இல் அமெரிக்கச் செல்வந்தச் சகோதரர்கள் வெள்ளியைப் பதுக்கி விலையை ஏற்றியபோது, சேகரிப்பாளர் கொடுக்கும் விலையைவிட உருக்குபவர் கொடுக்கும் விலை கூடிவிட்டது. எண்ணிறந்த பதக்கங்கள் கொப்பரைக்குள் போயின. கூடவே கொடுபட்ட வெண்கல வெற்றிப் பதக்கம் மட்டும் தனியாக மிஞ்சியது. இந்த இழப்பின் பாரத்தை அறிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1940 செப்டெம்பரில் ஜேர்மன் குண்டு விழுந்து லண்டனில் யுத்த அமைச்சின் களஞ்சியம் ஒன்று எரிந்தது. முதலாம் யுத்தச் சிப்பாய்களின் சேவைக் கடதாசிகளில் அரைவாசிக்கு மேல் சாம்பலாயின. ஆகவே பலரைப் பொறுத்தவரை, பதக்க இடாப்பில் ஒரு வரியும், எங்கோ ஒரு லாச்சியில் கிடக்கும் பதக்கத்தின் விளிம்பும்தான் எஞ்சிய தடம். விளிம்பு உருகினால் ஒரு வரி மட்டும்.

இதற்குப் பின் வந்தது இன்னும் சுருக்கம். இரண்டாம் உலக யுத்தப் பதக்கங்களைப் பிரித்தானிய அரசு பெயர் பொறிக்காமலே தன் சிப்பாய்களுக்கு அனுப்பியது. இந்தியாவும் அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் தம்மவர் பெயரைப் பொறித்தன. பெயரில்லாத அந்தப் பிரித்தானிய நட்சத்திரங்களைச் சேகரிப்பாளர்கள் பெட்டியில் அள்ளிப் போட்டு விற்கிறார்கள்.

கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் ஒருவர் இப்போது லண்டனில் இருக்கிறார். கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்க இடாப்புகள் இருப்பதை எழுதி, ஒரு நாள் போய்ப் பார்க்கச் சொன்னேன். ஏழெட்டு மாதம் இழுத்தடித்துவிட்டுப் போனார். இடாப்பின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். இலக்கம் ஒத்துப்போனது. தேய்ந்த இரண்டு எழுத்துக்களும் கிடைத்தன. பதக்கத்துக்கு ஓர் அடையாளம், பட்டிக்கு ஓர் அடையாளம், ஓரத்தில் குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரே ஒரு சொல்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு பெரிய சேர் வீட்டுக்குப் போனேன். அஸர் தொழுதுவிட்டுத் திண்ணையில் இருந்தார். பதக்கத்தையும் கையில் கொடுத்தேன். கொலுசைப் பற்றி அவர் மறக்கவில்லை, "இன்னும் உருக்கல்லியா?" என்றுதான் தொடங்கினார். மகாராணியின் கன்னத்துத் தழும்பையும் கெதீவின் நட்சத்திரத்தையும் பற்றிச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். பிறகு விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலில் பிடித்து, எழுத்துக் கூட்டி, அந்தப் பெயரை முழுதாக ஒரு முறை வாசித்தார்.

"ஒராபிட ஆக்கள்ட பேர் இப்பிடி எதுலயாவது இரிக்கா?"

"நான் தேடின புத்தகங்கள்ல இல்ல சேர்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். உள்ளிருந்து தேநீர் வந்தது.

"இவன் ஊர் போய்ச் சேந்தானா?"

அச்செடுத்த தாளில் அந்தக் குறிப்புக் கட்டத்தைக் காட்டினேன். படையிலிருந்து விலகினார் என்று இருந்தது.

"அப்ப போயிட்டான்" என்று சொல்லிப் பதக்கத்தைச் சாரத்தில் ஒரு தடவை துடைத்து என் கையில் வைத்தார்.